சுகோமாஜ்ரியில் பேசிய பேச்சு



சண்டிகர் நகரில் சுக்னா என்று ஓர் ஏரி இருக்கிறது. 1958-இல் ஓடையின் குறுக்கே கரை போட்டு உண்டாக்கிய ஏரி. இருபது வருடம்கூட ஆகவில்லை. ஏரியில் பாதிக்கு மேல் வண்டல் நிரம்பிவிட்டது. தூர் வாருவது என்றால் பெரும் செலவு.

இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? மண்வள ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ராவும் அவருடன் இருந்தவர்களும் தேடிப் போனார்கள். மலையடிவாரத்தில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூர். இன்றைய ஹரியானாவில் இருக்கிறது. அந்த ஊர் ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து மலை மொட்டையாகிவிட்டது. மழை பெய்தால் மண் கரைந்து ஓடியது.

மலையில் மேய்க்காதீர்கள் என்றார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் ஊர் மக்களுக்கு வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆடுமாடுதான் சோறு போடும். நகரத்து ஏரிக்காக அதை விட முடியுமா? அதுவும் சரிதானே!

1976-இல் மண் அரிப்பைத் தடுக்க ஒரு சிறு மண் அணை கட்டினார்கள். அணையில் தண்ணீர் நின்றது. அதை வயலுக்கு விடலாமே என்று கேட்டவர்கள் ஊர் மக்கள். ஆய்வாளர்கள் மண்ணைப் பார்த்தார்கள். உழவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஆனால் எல்லா வயலுக்கும் அது எட்டவில்லை. நிலமே இல்லாதவர்களும் ஊரில் இருந்தார்கள். தண்ணீரால் பயன் இல்லாதவர் மலையை ஏன் காக்க வேண்டும்? நூறு பேர் காத்தாலும், பத்துப் பேர் ஆட்டை ஓட்டிப் போனால் புல் நிற்காது. இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டிருந்தால் காரியம் அங்கேயே கெட்டிருக்கும்.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர். எல்லோருக்கும் சமபங்கு. நிலம் இல்லாதவருக்கும் உண்டு. நிலம் இல்லாதவருக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவர் தம் பங்கை வேறொருவருக்கு விற்கலாம். அதற்குப் பதிலாக யாரும் மலையில் மேய்க்கக் கூடாது.

மலைக்கு வேலி போடவில்லை. ஊரே காவல் காத்தது. புல் வளர்ந்தது. அறுத்து வந்து மாட்டைக் கட்டிப் போட்டுத் தீனி வைத்தார்கள். ஆடு குறைந்தது, எருமை பெருகியது, பால் கூடியது. மலையில் விளைந்த பாபர் என்ற புல் காகித ஆலைக்கும் போனது.

சுகோமாஜ்ரியிலிருந்து ஏரிக்கு வந்த வண்டலும் பெருமளவு குறைந்தது. ஆய்வாளர்கள் முதலில் தேடி வந்தது அதைத்தான்.