எண்பதைத் தாண்டியவருக்கும் வைத்தியம் உண்டு

(மைசூருவில் நமது சங்க அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருத்துவ அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



முதியோர் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசும்படி நமது காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் படிப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். பத்திய விஷயத்தில் இங்கே இருக்கும் மாமிகளுக்குத் தெரியாத எதுவும் எனக்குத் தெரியாது. ஆகவே வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நமக்கு எழுதித் தரப்படும் மருந்தை, நம் வயதுக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்துகொண்டுதான் எழுதித் தருகிறார்களா?

இந்தக் கேள்விக்கு நமது ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். மண்டி மொஹல்லாவில் இருக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை நாம் எல்லோரும் மிஷன் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். உங்களில் சிலர் அங்கேயே பிறந்திருப்பீர்கள். 1934ஆம் வருஷம் முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்து பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். பழைய நோட்டுகளை எடைக்குப் போடும் வழக்கமுள்ள நம் நாட்டில், அந்தப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் பெரிய விஷயம்.

1993ல் ஆராய்ச்சிக்காக இந்த நகரத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்து, அப்படிப் பிறந்தவர்களில் 3,427 பேரைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் விஞ்ஞானிகளும் நமது ஊர் மருத்துவர்களும் சேர்ந்து செய்த காரியம் இது. அவர்களில் 1,069 பேரை நடுவயதில் பரிசோதித்தார்கள். 1996ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்த முதல் முடிவு, 517 பேரைப் பற்றியது. பிறக்கும்போது இரண்டரை கிலோ அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருந்தது. தாயார் கர்ப்ப காலத்தில் மெலிந்திருந்து, குழந்தையும் எடை குறைந்து பிறந்திருந்தால் இந்த விகிதம் இன்னும் அதிகம். பின்னர் அதே மனிதர்களில் 721 பேரை, 55 முதல் 80 வயதுக்குள் இருக்கும்போது மறுபடி வரவழைத்து, ஞாபக சக்தியையும் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வு நடந்தது.

கிழவயதின் வியாதிக்குக் கர்ப்பத்திலேயே விதை விழக்கூடும் என்று உலகத்துக்குச் சொன்ன இடங்களில் மைசூருவும் ஒன்று. அந்தப் பிரசவ அறையில் யாரோ ஒரு நர்ஸம்மா ஒழுங்காக எழுதினார். அறுபது வருஷம் கழித்து, வாசலில் வந்து நின்றவர்களை விரட்டாமல் நம் ஊர் ஜனங்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்த உண்மை வெளியே வந்திராது.

கேட்ட இடத்தில் பதில் கிடைத்தது. யாரும் கேட்காத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு என் அகத்துக் கதையையே சொல்கிறேன்.

1998ல் என் தாயாருக்கு 83 வயது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு, தினமும் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள். ரத்த அழுத்தம் மட்டும் எப்போது பார்த்தாலும் 180க்குக் குறையாது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, ஊருக்கெல்லாம் மருந்து எழுதிக் கொடுக்கறயே, எனக்குத் தலை கிர்ருங்கறதே, இதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டாள். "எண்பத்து மூணு வயசாச்சும்மா, இந்த வயசுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொன்னேன். அம்மா அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் நின்றது. பதினான்கு மாதம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தாள்.

நான் அலட்சியமாகச் சொன்ன பதில் இல்லை அது. அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைப்பது நல்லது என்று அதற்குள் நிரூபணமாகியிருந்தது. எண்பதைத் தாண்டியவர்களைப் பற்றித்தான் தீர்மானமில்லை. பல ஆராய்ச்சிகளில் அவ்வளவு வயதானவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. வேறு வியாதிகள் இருக்கும், நாலு மருந்து சாப்பிடுவார்கள், நடுவில் காலமாகிவிடுவார்கள், கணக்கு குழம்பும் என்பது காரணம். அந்த வயதில் அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பதே நல்லது என்று சொன்ன பெரிய டாக்டர்களும் இருந்தார்கள். தெரியாத விஷயத்தை 'சகஜம்' என்ற வார்த்தையால் மூடினேன். அதுதான் என் தப்பு.

பத்து வருஷம் கழித்து, 2008ல், 'ஹைவெட்' என்ற ஆராய்ச்சியின் முடிவு வந்தது. ஐரோப்பா, சீனா முதலிய இடங்களில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் 21 சதவிகிதம் குறைந்தது. பக்கவாதத்தால் வந்த மரணமும், இதயம் பலவீனப்படுவதும் குறைந்தன. வெற்று மாத்திரை கொடுப்பதைத் தொடர்வது தர்மமில்லை என்று ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அவர்கள் அழுத்தத்தை 120க்கு இறக்கப் பார்க்கவில்லை. 150 அளவுக்குக் கொண்டுவந்தாலே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். எழுந்து நின்றால் அழுத்தம் மிகவும் குறைந்துபோகிறவர்களை ஆரம்பத்திலேயே சேர்க்கவில்லை. ஆகவே டாக்டரிடம் போனால், உட்கார்ந்தபடி மட்டும் பார்க்காமல், நின்றபடியும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மருந்தின் லாபமெல்லாம் போய்விடும்.

அந்தக் கட்டுரையை இதே ஊரில், என் மேஜையில் உட்கார்ந்துதான் படித்தேன். அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை.

மருந்து கொடுக்காமல் போன கதை அது. கொடுக்கக்கூடாததைக் கொடுத்த கதையும் என்னிடம் உண்டு. இதய நோயே வராத எழுபது வயதுக்காரர்களுக்கு, 'ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று தினம் ஒரு சிறு ஆஸ்பிரின் மாத்திரையை வருஷக்கணக்கில் எழுதிக் கொடுத்தவன் நான். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான 19,114 முதியவர்களை வைத்து நடந்த 'ஆஸ்ப்ரீ' ஆராய்ச்சி 2018ல் வெளியாயிற்று. அந்த மாத்திரை அவர்களுக்கு ஆரோக்கியமான வருஷங்களைக் கூட்டித் தரவில்லை. பெரிய ரத்தக் கசிவுதான் நூற்றுக்கு 2.8 பேரிலிருந்து 3.8 ஆக ஏறியது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் இதைக் கேட்டுவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு அது அவசியம். எதுவும் வராமல் வெறும் பழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று காது. கேட்டதற்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தாத்தா சொன்னால் 'மறதி வந்துவிட்டது' என்று அகத்தில் முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் காதுதான் கேட்டிருக்காது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2024ல் லான்செட் குழு, மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று கணக்கிட்டது. அதில் காது மந்தமும் ஒன்று. 2023ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரில் ஒரு பகுதியினருக்குக் காதுக் கருவி கொடுத்து மூன்று வருஷம் கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மறதி வரும் அபாயம் அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும், புத்தி மங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நமக்கோ அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது. வெளியூர்களிலிருந்து ரயிலேறி அங்கே வருகிறார்கள். நாம் ஆட்டோவில் போகத் தயங்குகிறோம்.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது? நம் வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் 'சரி, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சம்மதித்ததால்தான். நம்மிடம் வந்து கேட்டால் 'நான் என்ன சோதனை எலியா?' என்கிறோம். பயம் நியாயமானதுதான். அதற்காகக் கதவைச் சாத்த வேண்டாம், நாலு கேள்வி கேளுங்கள். இதை ஒரு நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? மருந்துப் பரிசோதனையானால், 2007 முதல் இருக்கும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? 2019ஆம் வருஷ விதிகளின்படி, பரிசோதனையால் கெடுதல் நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் யார் தருவார்கள்? நடுவில் வேண்டாமென்று தோன்றினால் விலகலாமா? சம்மதப் பத்திரத்தைப் புரியும் பாஷையில் வாங்கி, பிள்ளையையோ பெண்ணையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பதில் சரியில்லை என்றால் தாராளமாக மறுத்துவிடலாம்.

கடைசியாக, பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகத்தில் பெரியவர் ஒருவர் 'தலை சுற்றுகிறது, காது கேட்கவில்லை, நடை தள்ளாடுகிறது' என்று சொன்னால், 'வயசாச்சு' என்று பதில் சொல்லாதீர்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். 'இது இவர் வயதுக்காரர்களுக்குப் பலன் தரும் என்று தெரியுமா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, விசாரித்துச் சொல்வார்.

என் தாயார் கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று உங்கள் முன்னால் அந்தப் பதிலைச் சொல்லக் கிடைத்ததை ஒரு பாக்கியமாக நினைக்கிறேன்.