சுண்ணாம்பு ஒன்றன்று



பழஞ்சுவர்க்குச் சுண்ணாம்பு பூசியும் நிற்கவில்லை, உதிர்கின்றது என்று ஊர்தோறும் குறைகூறக் கேட்கின்றோம். எந்தச் சுண்ணாம்பு என வினவினால் விடையில்லை. பையிலிட்டு விற்கும் வெண்பொடியெல்லாம் ஒன்றே என எண்ணுகின்றனர். நம் கொத்தர் அவ்வாறு எண்ணினாரல்லர். கிளிஞ்சற் சுண்ணாம்பு, கற்சுண்ணாம்பு, சுக்கான்கற் சுண்ணாம்பு எனப் பிரித்தறிந்து, அதனதனை அதனதன் இடத்தில் இட்டனர்.

கிளிஞ்சலும் தூய சுண்ணாம்புக்கல்லும் ஏறத்தாழ ஒரே பொருளே. காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடுங்கால், 100 பங்கில் 44 பங்கு கரிவளியாய் வெளியேற, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாய் எஞ்சும். நீர் தெளித்தால் சீறிக் கொதித்துப் பருத்து நீறாகும். அந்நீறு சுவரேறியபின், தான் இழந்த கரிவளியைக் காற்றினின்று மீளப் பற்றி மீண்டும் கல்லாகின்றது! இஃது ஓரிரு நாளில் முடிவதன்று. தடித்த சுவரின் உட்புறத்தே ஆண்டுகள் பலவாகும். காற்றுப் புகாத நீரடியிலோ இறுகவே இறுகாது. ஆயினும் மேற்பூச்சுக்கு இதனினும் சிறந்ததில்லை. செட்டிநாட்டு மாளிகைச் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டா.

சுக்கான்கல்லின் இயல்பு வேறு. அதில் களிமண் கலந்துள்ளது. சுடும்போது களிமண்ணின் கூறுகள் சுண்ணாம்புடன் கூடுவதால், அது நீராலேயே இறுகும் ஆற்றல் பெறுகின்றது. நீறுவது மெதுவாக, பருப்பதும் குறைவு. இங்கிலாந்தின் எடித்தோன் கலங்கரை விளக்கத்தை 1759-இல் கட்டிமுடித்த சான் சுமீட்டன், களிமண் கலந்த கல்லே நீரில் இறுகும் சுண்ணாம்பு தருவதை ஆய்ந்து கண்டார். தூய சுண்ணாம்புக்கும் சுட்ட செங்கற்பொடி சேர்த்தால் அவ்வாற்றல் வரும். 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணை, சுர்க்கி எனப்பெறும் அப்பொடியும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்தால் எழுந்ததே.

கடுக்காய்நீரும் வெல்லமும் ஊற்றினால் எல்லாம் உறுதியாகும் என்பாரும் உளர். கல்லின் வகையே பிழைத்தபின் கடுக்காய் என்செய்யும்?

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. திருப்பணி என்னும் பெயரால் பழங்கோயிற் செங்கற்சுவர்மேல் சிமெண்டு எனும் பைஞ்சுதையை அப்புகின்றனர். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். பைஞ்சுதை அதனைத் தடுத்துவிடும். அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லை உள்ளிருந்தே அரிக்கும். மேலே பூச்சு பளிச்சென்றிருக்க, உள்ளே சுவர் பொடியாகிக் கொண்டிருக்கும். முந்நூறு ஆண்டு நின்ற சுவரை முப்பதாண்டில் வீழ்த்த இதுவே போதும்.

வாங்குமுன் ஆய்ந்து கொள்க. நீறிய சுண்ணாம்பை நீர்விட்டுப் பிசைந்து உருட்டி, ஒருநாள் காற்றில் வைத்துப் பின் நீரிலிடுக. குழைந்து கிடந்தால் தூயது, மேற்பூச்சுக்கு ஆகும். சில கிழமைகளில் நகம் பதியாதவாறு இறுகினால், ஈரம் தங்கும் அடிச்சுவர்க்கும் கிணற்றுக்கும் ஆகும். தூயதை நீற்றி நீருக்கடியிலேயே மாதக்கணக்கில் வைக்கலாம்; வைக்க வைக்க நயமாகும். மற்றதை நீர்விட்டுக் குழைத்தால் தேக்கிவைத்தல் ஆகாது; அன்றன்றே சுவரேற்றிவிட வேண்டும்.