சிறைத் தீர்ப்புக்குப் பிறகும் வென்ற முன்னாள் பிரதமர்

1983 அக்டோபர் 12. ஜப்பானின் முன்னாள் பிரதமர் காகுவெய் தனாகாவுக்கு லஞ்ச வழக்கில் 4 ஆண்டு சிறை, 50 கோடி யென் அபராதம் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே இருந்தார். அந்த டிசம்பரிலேயே பொதுத்தேர்தல் வந்தது. சொந்தத் தொகுதி மக்கள் 2,20,000-க்கும் மேல் வாக்களித்து அவரையே வெல்ல வைத்தார்கள். ஏன்?

விடை, அவர் பிறந்த நீகாட்டாவில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் பனி கொட்டும் மாகாணம். மலைக் கிராமங்கள் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. டோக்கியோவோ அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1918-இல் அங்கே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் தனாகா. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பதின்ம வயதில் டோக்கியோ போய், கட்டுமான நிறுவனம் தொடங்கி, 1947-இல் நாடாளுமன்றம் புகுந்தார். சாலை, பாலம், சுரங்கப்பாதை என்று அரசுப் பணம் நீகாட்டாவுக்குப் பாய்ந்தது. 1982-இல் புல்லட் ரயிலே வந்தது. பணிகளை எடுத்த ஒப்பந்தக்காரர்கள், அவருடைய ‘எட்சுசான்காய்’ என்ற ஆதரவாளர் அமைப்புக்கு நிதியும் வாக்கும் திரட்டினார்கள்.

1972-இல் பிரதமரானார். மூன்று மாதங்களுக்குள்ளேயே பெய்ஜிங் சென்று, சீனாவுடன் தூதரக உறவை ஏற்படுத்தினார். இது பெரிய சாதனை. ஆனால் 1974-இல் அவருடைய பணப் புழக்கத்தை ஒரு மாத இதழ் அம்பலப்படுத்த, அந்த டிசம்பரில் பதவி விலகினார்.

1976 பிப்ரவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் அடுத்த குண்டு வெடித்தது. அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீட், தன் டிரைஸ்டார் விமானங்களை ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் வாங்க வேண்டும் என்பதற்காக அங்கே பணத்தை இறைத்திருந்தது. அதில் 50 கோடி யென் மாருபெனி என்ற ஜப்பானிய வணிக நிறுவனம் வழியாகத் தனாகாவுக்குப் போனது என்பதே வழக்கு. ஜூலை 27-இல் கைதானார். குற்றத்தைக் கடைசிவரை மறுத்தார்.

தன் ஆளுங்கட்சியை விட்டு விலகியும் அதிகாரம் அவரை விட்டு விலகவில்லை. ஓஹிரா, சுசுகி, நகசோனே மூவரும் கட்சிக்குள் இருந்த அவர் அணியின் ஆதரவில்தான் பிரதமரானார்கள். 1985-இல் தாக்கிய பக்கவாதமே அவரை முடக்கியது. 1987-இல் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 1993-இல் இறக்கும்போது உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. அந்த 4 ஆண்டுச் சிறையை அவர் அனுபவிக்கவே இல்லை.

நீகாட்டா மக்களின் நன்றி உண்மையானது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாலைகள் வரிப்பணத்தில் போட்டவை. அவர்களுக்கு உரிமையாக எப்போதோ வந்திருக்க வேண்டியவை. உரிமையை ஒரு தலைவரின் கொடையாக மக்கள் வாங்கும் நிலை இருக்கும்வரை, ஊழலை நீதிமன்றம் மட்டும் தோற்கடிக்க முடியாது.