மலைக்கு ஏறி வரும் பாடம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது எமது பட்டிப்பொல. 6,226 அடி. பெருமைதான். ஆயினும் ஒரு வகுப்புக்கென்று இங்கிருந்து நுவரெலியாவுக்கு இறங்கினால் ஒரு நாட் சம்பளம் போய்விடும். பயணச் செலவு வேறு. ஆகவே, இனி நாம் இறங்க வேண்டியதில்லை, இணையவழியாகப் பாடமே மலைக்கு ஏறி வரும் என்று கேட்டால் மகிழ்கிறோம். ஏறி வருவது பாடந்தானா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் குறிப்புகளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினர். அந்நெருக்கடியில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கைத்தொலைபேசியின் சிறு திரையில் எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்த பிள்ளைக்கு, தான் விளங்கிக்கொண்டது சரியோ பிழையோ என்று சொல்ல எவருமில்லை. புத்தகத்தைத் திரையில் ஏற்றுவது வேறு, பயிற்சிநெறி அமைப்பது வேறு. பின்னையதற்குக் கற்பித்தல் வடிவமைப்பு என்று பெயர். அது கற்றுக்கொள்ளத்தக்க ஒரு தொழில்.

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1950களில் கற்பிக்கும் பொறி ஒன்றை அமைத்தார். சிறு படி, உடனே ஒரு வினா, உடனே விடை. அவ்வளவே அதன் இரகசியம். 1962இல் ரொபர்ட் மேகர் இன்னொன்றை வற்புறுத்தினார்: பாடம் முடிந்தபின் மாணவன் எதைச் செய்து காட்டுவான் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். இவை எமக்கு அந்நியமல்ல. நாவலர் பெருமானின் பாலபாடங்கள் படிப்படியாக ஏறுகின்றன. சைவ வினாவிடையின் பெயரே அதன் முறையைச் சொல்கிறது. மாணாக்கரை அன்னம் என்றும் கிளி என்றும் இல்லிக்குடம் என்றும் வகுத்த நன்னூலார், கொள்பவனின் திறமறிந்து கொடுக்கவே சொன்னார்.

தமிழில் இத்தொழிலுக்கு முன்மாதிரி உண்டு. உலகெங்கும் பரந்து வாழும் தமிழருக்காக 2001 பெப்ரவரியில் சென்னையில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்) தன் பாடங்களின் தொடக்கத்தில் கற்பவர் பெறும் பயனைக் கூறி, இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களை வைத்தது. ஆனால் அது மொழியும் இலக்கியமும் பண்பாடும் பற்றியது. எமது தோட்டத்து வேலைக்குரிய பாடத்தை யார் செய்வார்? வெளியிலிருந்து மொழிபெயர்த்து வருவதைப் பாருங்கள். எழுத்துத் தமிழ்தான், எம்மவர் பேசும் தமிழன்று.

மருந்தடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பாடம் இரசாயனப் பெயர்களில் தொடங்கி, இருபதாம் பக்கத்தில் பாதுகாப்புக்கு வரும். அதற்குள் கேட்பவர் தூங்கிவிடுவார். நாம் இப்படிச் செய்யலாம். முதல் திரையில் ஒரு படம்: முதுகில் மருந்துத் தாங்கியுடன் ஒருவர், காற்று அவர் முகத்துக்கு நேரே வீசுகிறது, நிரை முடியச் சிறிதே பாக்கி. நீங்கள் என்ன செய்வீர்கள்? முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தொடர்வதா, விரைந்து முடிப்பதா, நிறுத்திக் காற்று முதுகுப்பக்கம் வரத் திரும்பி அடிப்பதா? துணியைத் தொட்டவருக்கு ‘பிழை’ என்று மட்டும் சொல்லி விடக்கூடாது. நனைந்த துணி மருந்தை முகத்தோடு ஒட்டவைத்திருப்பதை அடுத்த படம் காட்ட வேண்டும். பிறகு அதே இடத்துக்குத் திரும்பி, மறுபடி தெரிவு செய்ய விட வேண்டும். வயலில் இந்தத் தவறுக்கு உடல் விலை கொடுக்கும். திரையில் ஒன்றும் போகாது. ஊடாடும் பாடம் என்பதன் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மின்னும் எழுத்தும் ஓடும் படமும் அதன் பயனல்ல, டேட்டாவைத் தின்பவை.

வாசிக்கத் தெரியாதவருக்குக் குரல் வேண்டும். அக்குரல் எம் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் குரலாக இருந்தால் நன்று. சிக்னல் இல்லாத இடமும் உண்டு; ஆகவே முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடிய வேண்டும்.

கருவிக்குப் பணம் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடில் இலவசம். அதன் கைத்தொலைபேசிச் செயலியில் பாடத்தை இறக்கி வைக்கலாம். வினாக்களும் கிளைக்கதைகளும் அமைக்க எச்5பி உண்டு, அதுவும் இலவசம். அவற்றைப் பழகச் சில வாரம் போதும். கடினமானது அதற்கு முந்திய வேலை: வேலை செய்பவரருகே நின்று, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பது. அதற்குப் பட்டிப்பொலப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் எவர்?

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஐந்து திரைகளை மட்டும் அப்பியாசக் கொப்பியில் எழுதி வருவோம். கணினியை அதன்பின் திறக்கலாம். மருந்தடிக்கும் அண்ணன்மார் இருவரை அழைத்து அவற்றைக் காட்டுவோம். அவர்கள் எங்கே நின்று யோசிக்கிறார்களோ அங்கே திருத்துவோம். படம் வரையத் தெரிந்தவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.