திரிகையும் உரலும் கற்பித்த பாடம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற தை மாதத்தில் நம்மில் சிலர் ஜவ்வாது மலைமேலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்று, தானியம் அரைக்கும் பழைய முறையைக் கண்டு வந்தோம். அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கல் திரிகை ஒன்றும், முற்றத்தில் உரலும் இருந்தன. கேழ்வரகை அப்படியே திரிகையிலிட்டு மாவாக்கிவிடலாம். சாமையோ கெட்டியான உமியை உடையது. அதனை உரலிலிட்டு மெல்லக் குத்தி, முறத்தால் புடைத்து, மறுபடியும் குத்தவேண்டும். விசை மிகுந்தால் அரிசி நொய்யாகிவிடும்.

அவ்வீட்டு மூதாட்டியை நோக்கி, "அம்மா, விற்பதற்கும் இப்படியே குத்துகிறீர்களா?" என்று வினவினோம். "வீட்டுக்கு மட்டுந்தான் தம்பி, அதற்கே கை வலிக்கிறது. விற்பதெல்லாம் உமியோடுதான். வியாபாரி சொன்னதே விலை" என்றார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியினராகிய நமக்கு இந்நிலை புதிதன்று. 1972-இல் சீதாராமையா குழு அளித்த யோசனையின்மேல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் அளவு விதிக்கப்பட்டது. அதன் பின்னரே முற்றும் பதனிட்ட தோலும் பாதரட்சையும் இங்கே பெருகின. கூலியும் இங்கேயே தங்கிற்று. ஆயினும் கழிவைக் கவனியாமல் விட்டதனால் பாலாறு கெட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. சாமையின் தவிடு மாட்டுக்கு உணவு. உமி அடுப்புக்கும் எருக்குழிக்கும் உதவும்.

பழைய உலக்கையையே என்றும் பிடிக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, கைக்குத்தலரிசியைப் பெரிதும் வற்புறுத்தினார். தவிட்டில் சத்து இருப்பதே அதற்கு முக்கிய காரணம். தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் விழுந்துபோனதை ஜாவாத் தீவில் கண்ட ஐக்மன் என்னும் வைத்தியர் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே உமியை நீக்கும் யந்திரம் வேண்டும், தவிட்டைத் தீட்டவேண்டாம். ஆனால் தவிடு நீங்காத அரிசி விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். உமியோடு கூடிய சாமையோ நெடுநாள் கெடாது. எனவே தானியத்தைச் சேமித்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவே அரைப்பது உத்தமம். இதற்குத் தூரத்து ஆலையைவிட அருகிலுள்ள ஆலையே ஏற்றது.

ஒரு குடும்பம் தனித்து ஓர் ஆலை வைக்க இயலாது. சங்கத்தால் இயலும். 1904-ஆம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டமோ ஏனைய தொழில்களுக்கும் வழி திறந்தது. ஆகவே மூன்று காரியங்களை யோசியுங்கள்: அறுவடையை ஒரே இடத்தில் நிறுத்துச் சேர்த்தல், பங்குப் பணத்தில் உமி நீக்கும் யந்திரம் வாங்குதல், உலக்கை பிடித்த பெண்களையே நிர்வாகத்தில் அங்கத்தினராக்குதல்.

அம்மூதாட்டியின் சாமைக்கு வியாபாரி ஒருவரே விலை சொல்லும் நிலை மாறவேண்டும். அடுத்த கூட்டத்தில் இதனை நீங்கள் தீர்மானிக்கும்படி வேண்டுகிறேன்.