மீட்டர் பொய் சொல்லாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ என்ன வேலை பார்க்கிறேன்னு நம்ம பசங்களுக்குச் சொல்லு, அது போதும்" என்றார். அதை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

ஊரில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், "ஓட்டல்ல ஆடிட்டிங்" என்பேன். "அப்ப கணக்குப்புள்ளையா?" என்பார்கள். கணக்குதான், ஆனால் பணக் கணக்கு அல்ல. தண்ணீர், கரண்ட், டீசல், குப்பை இவற்றின் கணக்கு. ஒரு ஓட்டல் தன்னைப் பசுமை ஓட்டல் என்று சொல்லிக்கொண்டால், அது மெய்தானா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதுதான் என் பிழைப்பு.

பெரிய ஓட்டல் குளியலறையில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். 'துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று இருக்கும். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986ல் இந்த அட்டையைப் பற்றித்தான் எழுதினார். சலவைச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, மற்றதில் ஒன்றும் செய்யாமல், பூமியின் பேரைச் சொல்கிறார்களே என்று கேட்டார். 'கிரீன்வாஷிங்' என்ற சொல் அப்படிப் பிறந்தது. பச்சைச் சாயம் பூசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தைப் பற்றி நம் ஊர்ப்பக்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். விடியற்காலை பஸ் ஏறி குடிமங்கலம், பல்லடம் வழியாகப் போவார். இரவு வரும்போது அன்றைக்கு ஓடிய கலர் நகக்கண்ணில் இருக்கும். 2011 ஜனவரி 28ஆம் தேதி, திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச்சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அப்போது நான் இங்கே இறுதியாண்டு. கடைசி செமஸ்டர் கட்டணம் அம்மாவின் தோட்டில் கட்டியது.

எனக்குக் கோர்ட் மேல் கோபமான கோபம். ஒரு நண்பன்தான் என்னை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிப்போனான். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992ல் திறந்த அணை. அதில் தேங்கியது சாயக்கழிவு. கேஸ் போட்டவர்கள் யாரோ அல்ல, அந்த ஆற்றை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள்! கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று 2006லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. நடுவில் நான்கு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு என்ன ஆயிற்று? அதே திருப்பூர் ஆர்.ஓ. வைத்து, மிச்ச உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கி, 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறது. முடியாது என்றது முடிந்தது. அதற்குள் நசிந்த குடும்பங்கள்தான் திரும்பவில்லை.

இனி ஓட்டலுக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மலை ஊரில் அறுபது அறை கொண்ட ஓட்டல். வாசலிலேயே பசுமைச் சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கைக் கேட்டேன். தினமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அளவு. பக்கத்தைத் திருப்பினால் நாளைய தேதிக்கும் எழுதி வைத்திருக்கிறது!

கணக்குப் போட்டேன். மீட்டர், டேங்கர் பில் இரண்டையும் சேர்த்தால் நாளுக்கு 50 ஆயிரம் லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. அதில் 80 சதவீதம் கழிவாகும், அதாவது 40 ஆயிரம் லிட்டர். அங்கே இருந்தது ஐந்து குதிரைத்திறன் புளோயர். 20 மணி நேரம் ஓடினால் நாளுக்குச் சுமார் 75 யூனிட், மாதம் 2,200 யூனிட்டுக்கு மேல் ஆக வேண்டும். அந்தப் பகுதியின் தனி மீட்டரோ மாதம் 310 காட்டியது. தொட்டி அருகே போனேன். ஓடுகிற தொட்டி தேநீர் நிறத்தில் நுரைத்து மண்வாசம் அடிக்கும். இது கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை. தண்ணீர் பின்புற ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஊர்க் கிணறு.

மேனேஜர் சாப்பிடக் கூப்பிட்டார். "சார், இது ஆபரேட்டர் பையன் தப்பு. நாளைக்கே அனுப்பிடறோம். ரிப்போர்ட்ல எழுத வேண்டாம்" என்றார். பையன் தாராபுரம் பக்கம், ஐ.டி.ஐ. முடித்தவன். தனியாகப் பிடித்து விசாரித்தேன். "அண்ணா, கரண்ட் பில் ஏறுதுன்னு மேல இருந்துதான் நிறுத்தச் சொன்னாங்க" என்று செல்போனில் வந்த செய்தியைக் காட்டினான்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. எழுதினால் எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாளர் போவார். அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஏன் கண்ணு, எங்க பட்டறைக்கும் உன்னாட்டம் ஆளுக வந்தாங்க. டீ குடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. அன்னைக்கே ஒருத்தரு எழுதியிருந்தா மொதலாளி நாலு வார்த்தை பேசியிருப்பாரு, அவ்வளவுதான். எழுதாமப் போனதாலதான் பூட்டு விழுந்துச்சு" என்றார்.

எழுதினேன். நிறுத்தச் சொன்னது நிர்வாகம், ஆபரேட்டர் அல்ல என்பதையும் சேர்த்தே எழுதினேன். வாடிக்கையாளர் போனார். அந்த வருஷ இன்க்ரிமென்ட் எனக்கு இல்லை. பையனையும் அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள். என் எழுத்து அவனைக் காப்பாற்றவில்லை. இது இன்னும் உறுத்துகிறது. நம் சங்கத்து மூத்த அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் முயற்சியால் இன்று அவன் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறான். அண்ணன் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் திட்டுவார்.

ஓட்டல்கள் எல்லாமே இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். மும்பை ஆர்க்கிட் ஓட்டல் 1990களிலேயே ஈகோடெல் சான்று பெற்றது. 2012ல் திறந்த சென்னை கிராண்ட் சோழா லீட் பிளாட்டினம் தரம் பெற்றது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, சில சாப்பாட்டுக் கடைகள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் விட்டுவந்த இடங்களுக்குத்தான் அன்று கொஞ்சமாவது மூச்சு விட முடிந்தது.

தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி எரிசக்தித் திறன் பணியகம் ஆற்றல் தணிக்கையாளர் தேர்வு நடத்துகிறது. எழுதுங்கள், நல்ல வேலை. ஆனால் இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் ரீடிங் எடுக்காமலே ரெக்கார்டு நோட்டை நிரப்பியிருக்கிறோம் அல்லவா? நானும் செய்தவன்தான். அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். மீட்டர் பொய் சொல்லாது. பொய் சொல்வதென்றால் நம் பேனாதான் சொல்ல வேண்டும்.