படத்தில் இல்லாதவன் யார்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நமது வாசகசாலைச் சுவரில் சென்ற வாரம் ஒரு படம் மாட்டப்பட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மீது ஒரு வெள்ளைக்காரத் துரை காலை அகட்டி நிற்கிறார். ஒரு கால் தெற்கே கேப் நகரில். மறு கால் வடக்கே கெய்ரோவில். தோளில் துப்பாக்கி; விரித்த கைகளில் தந்திக் கம்பி. “ஏகாதிபத்தியவாதி படம் நமக்கெதற்கு? கழற்று!” என்றார் ஒரு மில் தோழர். “அது கேலிப் படம் தோழரே, இருக்கட்டும்” என்றார் ஒரு விவசாயத் தோழர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

இந்தத் துரை யார்? செசில் ரோட்ஸ். வைரச் சுரங்க முதலாளி; 1890 முதல் 1896 வரை கேப் காலனியின் பிரதமர். கேப்பிலிருந்து கெய்ரோ வரை தந்தி இழுப்பேன் என்று அவர் கிளம்பியபோது, லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகையில் 1892 டிசம்பரில் லின்லி சாம்போர்ன் என்ற ஓவியர் இதை வரைந்தார். ரோட்ஸ் என்ற தீவில் பண்டைக் காலத்தில் நின்ற பிரம்மாண்டச் சிலையை வைத்துச் செய்த கேலி அது. ஆனால் கேலி அந்தக் காலை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. 1893இல் ரோட்சின் கம்பெனிப் படை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளோடு மடபெலே மக்கள் மீது பாய்ந்தது. 1895இல் அந்த நாட்டுக்கே ‘ரொடீசியா’ என்று அவர் பெயரைச் சூட்டினார்கள்.

படத்தை உற்றுப் பாருங்கள். அத்தனை பெரிய கண்டத்தில் ஓர் ஆப்பிரிக்க மனிதன்கூட இல்லை! அவன் எங்கே போனான்? 1894இல் ரோட்ஸ் கொண்டுவந்த கிளென் கிரே சட்டம் பதில் சொல்கிறது. வருஷத்தில் மூன்று மாதம் தன் வட்டாரத்துக்கு வெளியே கூலி வேலை செய்யாத ஆப்பிரிக்க ஆண் 10 ஷில்லிங் வரி கட்ட வேண்டுமாம்! சொந்த வட்டாரத்திலேயே இருந்தால் அபராதம். வெள்ளை முதலாளியிடம் உழைத்தால் விலக்கு. காலடியில் கிடந்தவன் இவன்தான். ஓவியர் இவனை வரையவில்லை.

இன்னொரு படம். பாரிசின் ‘லெ பெத்தி ஜூர்னால்’ பத்திரிகையின் வண்ண இணைப்பு 1898 ஜனவரியில் வெளியிட்டது. சீனாவை ஒரு பணியாரமாக வைத்து விக்டோரியா ராணி, ஜெர்மன் கெய்சர், ரஷ்ய ஜார் முதலியோர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சீனன் பின்னால் கையை உயர்த்திக் கதறுகிறான். பிரான்சு மாதுவோ கையில் கத்தியில்லாமல் ஜாரின் அருகே நிற்கிறாள். எவ்வளவு உத்தமி! அதே 1898இல் அந்தப் பிரான்சு குவாங்சோ வளைகுடாவை 99 வருஷக் குத்தகை என்று பறித்துக்கொண்டது. தன் வீட்டுத் திருடனை மறைத்து, அடுத்த வீட்டுத் திருடனைக் காட்டும் சித்திரமும் உண்டு, தோழர்களே.

இன்று இவற்றின் பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வழவழப்புத் தாளில் அச்சிட்டு, கண்ணாடி போட்டு, கலைப் பொருளென்று விற்கலாம், விற்கிறார்கள். அப்போது சித்திரம் மட்டும் வருகிறது. அதைச் சுற்றியிருந்த செய்தி வருவதில்லை. கொள்ளையின் சாட்சியம் வரவேற்பறை அலங்காரமாகிவிடுகிறது.

நம் பாரதியார் 1906 முதல் ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படம் போட்டார். படத்தோடு விளக்கத்தையும் தமிழில் அச்சிட்டார். 1994இல் அவை நூலாகத் தொகுக்கப்பட்டபோது படமும் விளக்கமும் சேர்ந்தே வந்தன. அதுதான் சரியான மறுபதிப்பு.

ஆகவே, படத்தைக் கழற்ற வேண்டாம். சும்மா தொங்கவிடவும் வேண்டாம். அதன் கீழே ஒரு தாள் ஒட்டுவோம். 1892 என்று எழுதுவோம். 10 ஷில்லிங் வரியை எழுதுவோம். 1980இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதையும், 2015இல் கேப் டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி ரோட்சின் சிலையை அகற்ற வைத்ததையும் எழுதுவோம்.

இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இதில் உழைப்பவன் எங்கே? அவன் இல்லையென்றால், அவனை எழுதிச் சேர்ப்பது நம் வேலை.